டானிக் மூடியில் பிராந்தி

கண் விழித்தபோது வெயில் ஜன்னலின் நான்காவது கம்பிக்கு வந்திருந்தது.

எங்கள் கூடத்து ஜன்னலுக்கு ஏழு கம்பிகள். வெயில் முதல் கம்பியைத் தொடும்போதே நான் முகம் கழுவி, காபி குடித்து, பேப்பர்காரனை ஏன் இன்னும் காணோம் என்று இரண்டு முறை வாசலுக்குப் போய் வந்திருப்பேன். நான்காவது கம்பியில் வெயிலைப் படுத்தபடி பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

இடது கால் கட்டைவிரலில் கயிறு சுற்றியிருந்தது. பழக்கத்தில் காலை மடக்கி இழுத்தேன். கயிறு வந்தது. வந்துகொண்டே இருந்தது. சிமென்ட் தரையில் சரசரவென்று ஊர்ந்து முழுக் கயிறும் என் பாதத்தடியில் வந்து விழுந்தது. மறுமுனையில் ஒன்றும் இல்லை.

நிமிர்ந்து பார்த்தேன். உத்தரத்துக் கொக்கி காலியாக இருந்தது. ஏணை என்று எங்கள் பக்கத்தில் சொல்லும் புடவைத் தூளியைக் காணோம். தூளிக்குள் இருக்கவேண்டிய, பிறந்து மாதம் நிறையாத என் பேத்தியையும் காணோம்.

எழுந்த வேகத்தில் கயிறு தடுக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். நாக்கு மரத்துப்போயிருந்தது. தலைக்குள் ஈரப் பஞ்சை அடைத்த மாதிரி ஒரு கனம். அந்தக் கனம் எனக்குப் புதிதல்ல. எங்கோ பார்த்த முகம் போல, பெயர்தான் உடனே வாயில் வரவில்லை.

சமையலறைப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் எல்லோரும் பத்திரமாக இருந்தார்கள். குழந்தையைக் குளிப்பாட்ட வரும் கன்னியம்மா காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கணுக்கால்மேல் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். என் மகள் வாணி பக்கத்தில் முக்காலியில் இருந்தாள். என் மனைவி சரோஜா வெந்நீர் விளாவிக்கொண்டிருந்தாள்.

"ன்னா சார், விடிஞ்சுடுச்சா உங்களுக்கு?" என்றாள் கன்னியம்மா. "நான் வந்து ஒரு ரவுண்டு கூவிட்டேன். சாரு அசையவே இல்ல. கும்பகர்ணனுக்குத் தம்பி பொறந்துகீறான்னு சொல்லிக்கினு இருந்தேன்."

சரோஜா திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எங்களுக்குக் கல்யாணம் ஆன புதிதில்கூட அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"தூங்கட்டும்னு உட்டுட்டோம்ங்க. எவ்ளோ நாளாச்சு நீங்க இப்படித் தூங்கி!"

எங்கள் வீட்டில் நான் தூங்கினேன் என்பது நல்ல சேதி. பரீட்சையில் பையன் பாஸ் என்பது மாதிரி. மூன்று பெண்களும் எனக்காகச் சந்தோஷப்பட்டார்கள். நான் மட்டும் கையில் காலிக் கயிற்றைச் சுருட்டிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன்.

ஒரு வாசகர் கேட்ட கேள்வி

சென்ற அத்தியாயத்தில் தூக்க மாத்திரையை விட்ட கதையைச் சொன்னேன். அதைப் படித்துவிட்டு, கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒருவர் என்னை பஸ் ஸ்டாண்டில் பிடித்துக்கொண்டார்.

"சார், மாத்திரைய உட்டுட்டீங்க, சரி. அப்புறமா நல்லாத் தூங்கினீங்களா இல்லியா? அத எழுதாம உட்டுட்டீங்களே!"

பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. அவர் ஜன்னல் வழியாக ஒரு துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, மறுபடி என்னைப் பார்த்து, "எழுதுங்க சார்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

சென்ற அத்தியாயத்தைப் படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக. நான் வேர்க்கடலை ஏலம் நடக்கும் ஒரு விற்பனைக் கூடத்தில் உத்தியோகம் பார்த்தவன். மூட்டைக்குள் குத்தூசியை விட்டு ஒரு பிடி காயை எடுத்து, உரித்து, நல்ல பருப்பு எத்தனை, சுருங்கல் எத்தனை, சொத்தை எத்தனை என்று எண்ணிப் பார்த்து மூட்டைக்குத் தரம் சொல்வது என் வேலை. எண்ணுவது அங்கே ஒட்டிக்கொண்ட வியாதி. அது இன்றுவரை போகவில்லை.

தொண்ணூறாம் வருஷம் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், அந்தக் கூடத்தில் தராசைப் பற்றி ஒரு தகராறு வந்தது. என்னிடம் விளக்கம் கேட்டார்கள். தவறு என்மேல் இல்லை என்று முடிவாகிவிட்டது. ஆனால் முடிவு வருவதற்குள் தூக்கம் போய்விட்டது. ஊரில் ஒரு டாக்டர் பத்து நாளைக்கு என்று ஒரு சின்ன மஞ்சள் மாத்திரையை எழுதிக் கொடுத்தார். மருந்துக் கடைக்காரருக்கு என் முகம் பழகிவிட்டதால் பதினோராம் நாள் சீட்டு தேவைப்படவில்லை. பத்து நாள் மாத்திரை ஆறு வருஷம் ஓடியது.

ஒன்று இரண்டானது, இரண்டு மூன்றானது. ஒரு நாள் ஏலத்தின்போது ஒரே பிடிக் கடலையை இரண்டு தடவை எண்ணினேன். இரண்டு கணக்கு வந்தது. மூன்றாவது தடவை எண்ணினேன். மூன்றாவதாக ஒரு கணக்கு வந்தது. எதிரில் விவசாயி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அன்று பயந்துதான் வேலூருக்கு பஸ் ஏறினேன்.

ஒரே ஆள், சட்டை வேறு

வேலூரில் பார்த்த டாக்டரம்மா குள்ளமானவர், கண்டிப்பானவர். மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் வலிப்பு வரலாம், நான் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கவேண்டும் என்றார். எல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியாகக் கேட்டார்.

"குடிப்பீங்களா?"

"எப்பவாவது. கடலை சீசன் முடிஞ்சா, வியாபாரிங்க கூப்பிட்டா, ஒரு அளவுக்கு."

"மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சப்புறம்?"

"பயந்துக்கிட்டு உட்டுட்டேன்மா."

"நல்லது. இனிமேலும் வேணாம். மாத்திரைய விட்டுட்டோமேன்னு அப்புறமா அத எடுத்துடாதீங்க. மூளைக்கு ரெண்டும் ஒரே ஆளுதான். சட்டைதான் வேற."

இதைச் சொல்லும்போது சரோஜா அறையில் இல்லை. வெளியே எங்கள் பையையும் இரண்டு ஜோடிச் செருப்பையும் காவல் காத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் செருப்பு காணாமல் போகும் என்று அவளுக்கு ஒரு நிச்சயம். வெளியே வந்ததும் மாத்திரையைக் குறைக்கிற விவரம் முழுவதையும் அவளிடம் சொன்னேன். குடியைப் பற்றிச் சொன்னதைச் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்றில்லை. நாங்கள்தான் குடிக்கிற குடும்பம் இல்லையே.

மாத்திரையை வெட்டுகிற பொறுப்பை அவள் எடுத்துக்கொண்டாள். பாக்குவெட்டியால் வெட்டுவாள். அரையாக வெட்டும்வரை சரியாக இருந்தது. காலாக வெட்டும்போது ஒரு துண்டு பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் போகும், ஒன்று தெறித்து அலமாரிக்கு அடியில் ஓடும். நான் குனிந்து தேடுவேன்.

"நாலும் ஒரே அளவு இல்லியே" என்பேன்.

"கடலை மூட்டைக்குத் தரம் பாத்த புத்தி போவுதா பாரு. வாயத் தெறங்க."

அப்படி அவள் வெட்டி வெட்டிக் கொடுத்துத்தான், ஒரு வருஷம்போல ஆகி, மாத்திரை நின்றது. மிச்சமிருந்த அட்டையை அவளே கொண்டுபோய்ச் சாக்கடையில் போட்டாள். அந்தப் பாக்குவெட்டியை அதற்குப் பிறகு பாக்கு வெட்டப் பயன்படுத்தவில்லை. கசக்குது என்றாள்.

கோழித் தூக்கம்

வாசகர் கேட்டதற்குப் பதில்: இல்லை. நல்ல தூக்கம் வரவில்லை. வந்தது கோழித் தூக்கம்.

தெருவில் ஆட்டோ திரும்பினால் விழிப்பு வரும். பௌர்ணமி என்றால் அந்தத் தூக்கமும் கிடையாது. கிரிவலமாக மலையைச் சுற்றும் கூட்டம் எங்கள் தெரு முனையைத் தாண்டித்தான் போகவேண்டும். பேச்சுக் குரல், பலூன்காரன் பீப்பி, வழி தவறிய யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது, எல்லாம் விடிய விடிய. அந்தக் கூட்டம் வருஷத்துக்கு வருஷம் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. நான் படுத்தபடியே குரல்களை எண்ணுவேன்.

ஆசிரமப் பக்கம் செங்கம் ரோட்டில் ஒரு வெள்ளைக்காரர் எனக்குப் பழக்கம். டீக்கடையில் பழக்கமானவர். தமிழ் கொஞ்சம் பேசுவார். என் கஷ்டத்தைக் கேட்டுவிட்டு, "தூக்கம் வராதபோது, தூங்காமல் இருப்பது யார் என்று கவனியுங்கள்" என்றார். அன்று கவனித்தேன். நான்தான்.

அப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் வாணி தலைப்பிரசவத்துக்கு வந்தாள். வயிற்றைக் கிழித்துத்தான் குழந்தையை எடுத்தார்கள். தையல் ஆறும்வரை குனியக் கூடாது, அடிக்கடி எழுந்து உட்காரக் கூடாது. சரோஜாவுக்கோ முழங்கால் வலி. கீழே படுத்தால் எழ இரண்டு பேர் கை கொடுக்கவேண்டும். பகலெல்லாம் தூங்கிவிட்டு விளக்கை அணைத்ததும் விழிக்கிற குழந்தையை யார் பார்ப்பது?

"அப்பா இருக்காரே" என்றாள் வாணி. "எப்டியும் முழிச்சிட்டுத்தானே இருப்பாரு."

கூடத்துக் கொக்கியில் சரோஜாவின் பழைய நூல் புடவையில் தூளி கட்டினோம். தூளியின் அடியில் ஒரு கயிறு கட்டி, மறுமுனையை என் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டேன். குழந்தை நெளிந்தாலே கயிறு வழியாக விரலுக்குத் தெரியும். படுத்தபடியே காலை மடக்கி நீட்டினால் தூளி ஆடும். அழுகை தொண்டைக்கு வருவதற்கு முன்னாலேயே அடங்கிவிடும். இருபது ஆட்டம், அதிகம் போனால் முப்பது. பசி அழுகை என்றால் அடங்காது. அப்போதுதான் வாணியை எழுப்புவேன்.

தூக்கம் வராததற்காக இத்தனை வருஷம் வைத்தியம் பார்த்தவன் நான். டாக்டருக்கும் மருந்துக் கடைக்கும் பஸ்ஸுக்கும் அலைந்தவன். முதல் தடவையாக என் முழிப்புக்கு ஒரு உத்தியோகம் கிடைத்தது. பக்கத்து வீட்டில் சரோஜா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்ததைக் காதால் கேட்டேன்: "எங்க வீட்டுக்காரர் இருக்காரு, எங்களுக்கு ஒரு கவலையும் இல்ல." ரிட்டயர் ஆன பிறகு என்னைப் பற்றி அப்படி யாரும் சொன்னதில்லை.

மருந்துக்கு ஒரு குவார்ட்டர்

பிராந்தி வீட்டுக்குள் வந்தது கன்னியம்மாவின் உத்தரவால்.

"பிள்ள பெத்த ஒடம்பு பச்சை ஒடம்பும்மா. பூண்டு லேகியம் மட்டும் போதாது. பிராந்தி ஒரு மூடி வெந்நீர்ல கலந்து குடுக்கணும். சாரை அனுப்பி வாங்கியாரச் சொல்லு."

பிள்ளை பெற்றவளுக்குப் பிராந்தி கொடுப்பது எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் உண்டு. குடியின் வாசனையே படாத வீட்டில்கூட அந்த ஒரு மாதம் மட்டும் சமையலறை அலமாரியில், ஓமத்துக்கும் பெருங்காயத்துக்கும் நடுவில், ஒரு குவார்ட்டர் பாட்டில் நிற்கும். யாரும் அதை மது என்று நினைக்கமாட்டார்கள்.

கடைக்கு முன்னால் நான் இரண்டு தடவை தெருவைக் கடந்து போய் இரண்டு தடவை திரும்பி வந்தேன். மூன்றாவது தடவை துணிந்து போய் நின்றால் பக்கத்தில் முனுசாமி. விற்பனைக் கூடத்தில் எடை போடுகிறவனாக என்னிடம் வேலை பார்த்தவன்.

"சார்! நீங்களா!"

"பொண்ணுக்குப்பா. பிரசவம் ஆயிருக்கு."

"ஆமாமா" என்றான் முனுசாமி. "எனக்குக்கூட பொண்ணுக்குத்தான். கல்யாணமாயி பத்து வருஷம் ஆவுது, பாவம், இன்னும் ஒடம்பு தேறல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுப் பாட்டிலைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தேன்.

வாணி ஒரு வாய்தான் குடித்தாள். அதுவும் மூக்கைப் பிடித்துக்கொண்டு. "குமட்டுதும்மா. பால் குடுக்கறப்ப இதெல்லாம் கூடாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிதான் அனுப்பினாங்க. இன்னொரு தடவ குடுத்தா நான் ஊருக்குப் போயிடுவேன்." பாட்டில் அப்படியே அலமாரியில் நின்றது.

அந்த வாரம் மழை. எனக்குச் சளி பிடித்தது. மூக்கடைப்பு, இருமல். இருமினால் குழந்தை விழிக்கிறது. ஒரு நாள் சாயந்திரம் சரோஜா ஒரு டம்ளரைக் கொண்டுவந்து நீட்டினாள். வெந்நீர். ஆவியோடு அந்த வாசனை.

"என்னது?"

"மருந்துதான். ஒரு மூடி ஊத்திருக்கேன். வீணாத்தானே கெடக்குது. குடிங்க, சளி கரையும்."

மூடி என்றால் பாட்டில் மூடி இல்லை. வாணியின் இரும்புச்சத்து டானிக்கோடு வந்த, கோடு போட்ட பிளாஸ்டிக் மூடி. மேல்கோடு வரைக்கும். மாத்திரையை வெட்டியவளின் கை. அவள் அளந்தால் சரியாகத்தான் இருக்கும்.

டாக்டரம்மா சொன்னது எனக்கு நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. ஆனால் அவர் சொன்னது குடியைப் பற்றி. இது டானிக் மூடி. இப்படி நினைத்துக்கொண்டு குடித்தேன்.

தொண்டையில் இறங்கிய சூடு நெஞ்சுக்குப் போய் அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தது. எந்நேரமும் எதையாவது எண்ணிக்கொண்டிருக்கும் தலை, எண்ணுவதை நிறுத்தியது. மின்விசிறி கீச்சிட்டது. கீச்சிடட்டும் என்று விட்டேன்.

அதற்குப் பிறகு சாயந்திரம் ஆனால் சரோஜாவின் காலடிச் சத்தத்துக்குக் காது நீளும். சளி போய்விட்டது. மூடி போகவில்லை. ஒரு நாள் நானே, "நேத்து கொஞ்சம் கம்மியா இருந்த மாதிரி இருந்துச்சு" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே இரண்டாவது மூடி ஊற்றினாள். கம்மி, ஜாஸ்தி என்று நான் சண்டை போட்ட கடைசி வஸ்து எது என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இந்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் சொன்ன விடியலுக்கு முந்தின ராத்திரி, அவள் இரண்டு மூடி கொடுத்துவிட்டுப் படுக்கப் போனாள். மூன்றாவதை நானே ஊற்றிக்கொண்டேன். குடித்துவிட்டு மூடியைக் கழுவித் துடைத்து, இருந்த இடத்தில் இருந்த மாதிரியே வைத்தேன். அவள் ஊற்றும்போது நான் மூடியைக் கழுவியதே இல்லை.

கால் வந்தது, ஆள் வரவில்லை

மறுபடி அந்தக் காலைக்கு வருகிறேன்.

கன்னியம்மா குழந்தைக்குச் சாம்பிராணி போட்டுவிட்டுப் போனாள். சரோஜா அவளோடு வாசல்வரை போனாள். நான் வாணியிடம் கேட்டேன்.

"ஏணை எங்கம்மா?"

"உள் ரூம்ல கட்டிட்டேன்ப்பா."

"நீயா கட்டினே?"

"பின்னே? இவ ரெண்டு தடவ அழுதா. அப்பா அப்பான்னு கூப்பிட்டேன். நீங்க எழுந்திருக்கல. அம்மாவுக்கு முட்டி வலி, அவங்கள எழுப்பல." அவள் சிரித்தாள். "அப்புறம் கயித்த இந்தப் பக்கத்துலேர்ந்து இழுத்துப் பாத்தேன். கால் வந்துச்சு, ஆள் வரல. சரி, பாவம், தூங்கட்டும்னு கயித்த அவுத்துட்டு ஏணையைத் தூக்கிக்கினு போயிட்டேன்."

"தையல்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றாள். ஆனால் சொல்லும்போது கையை வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். முக்காலியிலிருந்து எழும்போது அந்தக் கையை எடுக்கவில்லை. கொக்கிக்கு எட்ட அவள் அந்த முக்காலியின் மேல்தான் ஏறியிருக்கவேண்டும். அதை நான் கேட்கவில்லை. கேட்டால் ஏறவில்லை என்று சொல்வாள்.

பகல் முழுவதும் உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போனேன், வந்தேன். தேரடித் தெருவரை நடந்து, எதற்கு வந்தேன் என்று தெரியாமல் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு திரும்பினேன். பதின்மூன்று பழம். மலை உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது, விலகியது, மறுபடி உட்கார்ந்தது. ஈரப் பஞ்சு தலையை விட்டு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அது முழுதாக இறங்கியபோதுதான் காலையில் பார்த்த அந்த முகத்துக்குப் பெயர் கிடைத்தது.

அந்தத் தூக்கம் எனக்குத் தெரியும். கனவில்லாத, புரளாத, யார் இழுத்தாலும் கால் மட்டும் வருகிற தூக்கம். ஆறு வருஷம் அதோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். மஞ்சள் சட்டையைக் கழற்றிவிட்டு வேறு சட்டையில் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு ராத்திரிதானே என்று மனம் வாதாடியது. சளிக்குத்தானே என்றது. நாளை முதல் ஒரே மூடியோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றது. ஆனால் விற்பனைக் கூடத்தில் நான் என்றைக்காவது மூட்டை முழுவதையும் கொட்டிப் பார்த்துத் தரம் சொல்லியிருக்கிறேனா? ஒரு பிடிதான். அந்த ஒரு பிடியை வைத்துக்கொண்டு எத்தனை பேரின் வருஷ வெள்ளாமைக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்! அவர்களும் இதையேதான் சொன்னார்கள்: "ஒரு பிடிதானே சார், உள்ள நல்லா இருக்கும்."

இவ்வளவு யோசித்தபோதும், அலமாரியில் பாட்டிலில் இன்னும் எவ்வளவு இருக்கும் என்றும் ஒரு பக்கம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நாலு மூடி. தாராளமாக ஊற்றினால் மூன்று.

சரோஜாவின் கோபம்

சாயந்திரம் டம்ளரோடு வந்தாள். இரண்டு மூடி ஊற்றியிருந்தாள், கேட்காமலே.

"வேணாம்" என்றேன்.

"ஏன், ஜாஸ்தியா இருக்குதா?"

"இனிமே வேணாம்."

"நேத்து அப்டி தூங்கினீங்களே!"

"அதனாலதான் வேணாம்ங்கறேன்."

அவளுக்குப் புரியவில்லை. புரிகிற மாதிரி சொல்லவும் எனக்குத் தெரியவில்லை. "இதுவும் மாத்திரை மாதிரிதான், சரோஜா" என்று சொல்லிவிட்டேன். சொன்னவுடனே அவள் முகம் மாறியது. டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"அப்ப நான் உங்களுக்கு மாத்திரை குடுத்துட்டேன். அதானே?"

"அப்டி சொல்லல."

"வேற எப்டி? ஒரு வருஷம் பாக்குவெட்டிய வெச்சிக்கினு ஒக்காந்தவ நானு. நீங்க தல சுத்தி, கை நடுங்கி, என்னையே யாருன்னு கேக்கற மாதிரி பாத்தப்பவும் கிட்ட ஒக்காந்தவ. அப்டிப்பட்டவ கொண்டாந்து உங்களுக்கு வெஷத்த ஊத்திக் குடுத்தேனா?"

"வெஷம்னு நான் சொன்னேனா?"

"சளிக்குக் குடுத்தேன். நல்லதுன்னு குடுத்தேன்."

"நல்லதுக்குத்தான் குடுத்தே. நான்தான் கம்மியா இருக்குதுன்னு கேட்டு வாங்கினேன். நேத்து நீ படுத்தப்புறம் இன்னொண்ணும் ஊத்திக்கிட்டேன்."

உள் அறையில் வாணி குழந்தையோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

"அந்த டாக்டரம்மா அன்னிக்கே சொன்னாங்க" என்றேன். "ரெண்டும் ஒரே ஆளு, சட்டைதான் வேறன்னு."

"எந்த டாக்டரம்மா? வேலூரா?"

"ஆமா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ வெளிய செருப்பப் பாத்துக்கினு இருந்தே."

இது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது. அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அப்ப தூக்கம்?" என்று கேட்டாள். கோபம் போய், குரலில் பழைய பயம் வந்திருந்தது. மாத்திரை நிறுத்திய வருஷம் முழுவதும் அவள் குரலில் இருந்த பயம்.

"வராது" என்றேன்.

டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சாக்கடையில் ஊற்றுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். அடுப்படியில் முக்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி, டம்ளரில் இருந்ததை உள்ளங்கையில் ஊற்றி முழங்காலில் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பாட்டிலும் இருந்தது.

"கீழ ஊத்துவேன்னு பாத்தீங்களா? துட்டு குடுத்து வாங்கினது" என்றாள். "கன்னியம்மாவே சொல்லிக்கீறா, முட்டிக்கு நல்லதாம். ரெண்டு நாள்ல தீத்துடறேன்."

நின்று பார்த்தேன். ஒரு முழங்காலுக்கு ஒரு கை. நல்ல தாராளமான கை.

அன்று

தூளியை மறுபடி கூடத்துக் கொக்கியில் கட்டினேன். வாணி வேண்டாம் என்றாள். "நீங்க தூங்குங்கப்பா, நான் பாத்துக்கறேன்." நான் கேட்கவில்லை. முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். கயிற்றைக் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு விளக்கை அணைத்தேன்.

தூக்கம் வரவில்லை. கோழித் தூக்கம்கூட வரவில்லை. உடம்பில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. இடப்பக்கம் புரண்டேன், கயிறு இழுத்தது. வலப்பக்கம் புரண்டேன், கயிறு தொய்ந்தது. மின்விசிறி சுற்றுக்கு ஒரு தரம் கீச்சிட்டது. எண்ணினேன், விட்டேன், மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.

இதற்கெல்லாம் மேலே அந்த வாசனை. சரோஜா சுவரோரக் கட்டிலில் படுத்திருந்தாள். அவள் முழங்காலிலிருந்து பிராந்தி வாசனை அலையலையாகக் கூடம் முழுக்க வந்துகொண்டிருந்தது. உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகக் குடியை விட்டிருப்பார்கள். கட்டின மனைவியின் முட்டி வாசனைக்குப் பயந்து மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு படுத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பாட்டிலில் இன்னும் ஒரு மூடியாவது மிச்சம் இருக்கும். எழுந்தால் பன்னிரண்டு அடி. கயிற்றை அவிழ்க்க வேண்டும். கையைக் கட்டைவிரல்வரை கொண்டுபோனேன்.

"முழிச்சினுதான் இருக்கீங்களா?" என்று இருட்டில் சரோஜாவின் குரல் கேட்டது.

எத்தனையோ வருஷமாக அவள் கேட்கிற கேள்வி அது. எப்போது கேட்டாலும் பின்னாலேயே ஒரு பெருமூச்சு வரும். கையை எடுத்துக்கொண்டேன்.

"ம்" என்றேன்.

பெருமூச்சு வரவில்லை. "சரி, அப்ப நான் தூங்கறேன்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் குறட்டை கேட்டது.

கட்டைவிரலில் ஒரு சின்ன அசைவு. தூளிக்குள் நெளிகிறாள். காலை மடக்கிக் கயிற்றை இழுத்தேன். மறுமுனையில் கனம் இருந்தது.